சிவப்பு அட்டையும் ஆடும் பல்லும்

கடிதம் ஒன்று

அன்புள்ள தீவுக்காரிக்கு,

கடிதம் என்றால் முதலில் இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வரி வரமாட்டேன் என்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நம் குட்டிப்பெண் மிளகுக்கு ஆபரேஷன் தேதி முன்னால் வந்துவிட்டது. நீ விடுப்பில் வந்த பிறகு என்று பேசி வைத்திருந்தோம் அல்லவா, அது வேண்டாமாம். இந்த வாரக் கடைசியிலேயே செய்துவிடலாம் என்கிறார் தொண்டை டாக்டர்.

பயப்படாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதுவும் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ போன பிறகு அவள் குறட்டை இன்னும் மோசமாகிவிட்டது. குறட்டை கேட்டால் எனக்குப் பிரச்சினை இல்லை. குறட்டை நிற்கும்போதுதான் பிரச்சினை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது. நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பிறகு தூக்கிப் போட்டாற்போல ஒரு மூச்சு வரும், குறட்டை திரும்பத் தொடங்கும். ஒரு மோட்டார் இப்படி நின்று நின்று ஓடினால் காரணம் என்னவென்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். பெற்ற பிள்ளைக்கு என்னவென்று தெரியாமல் போர்வையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தொண்டைச் சதை இரண்டு பக்கமும் வீங்கி வழியை அடைத்துக்கொண்டிருக்கிறதாம். "இதுக்கு மேல தள்ளிப்போட வேண்டாம்" என்றார் டாக்டர். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இங்கே உள்ள உன் வானிலை ஆபீசுக்குப் போய், வயர்லெஸ்ஸில் தீவுக்கு, உனக்குச் செய்தி சொல்லச் சொன்னேன். மறுநாள் பதில் வந்தது என்று ஒரு துண்டுத் தாளை நீட்டினார்கள். 'செய்தி கிடைத்தது. தைரியமாக இருக்கவும்.' இருக்கவும்! படிக்கட்டில் எழுதி வைப்பார்களே, வழுக்கும், கவனமாக நடக்கவும் என்று, அந்த மாதிரி. ஆபீஸ் குமாஸ்தா மாற்றி எழுதியிருப்பார் என்று தெரிந்தும் உன்மேல் கோபம் வந்தது. அன்று சாயங்காலமே புயல் என்றார்கள். மறுபடி போய்க் கேட்டால் உங்கள் வயர்லெஸ் கம்பம் சாய்ந்துவிட்டதாம். ஆட்கள் எல்லோரும் பத்திரம் என்பது மட்டும் கடைசியாக வந்த செய்தி. கோபப்பட்ட வாயாலேயே அன்றைக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்.

கடல் அடங்கிய பிறகுதான் தபால் படகு கிளம்புமாம். ஆக, நான் எழுதுவதெல்லாம் ஒரே பையில் உன் கைக்கு வரும். உறையின் மேல் எண் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படி. கதைப் புத்தகம் வாங்கினால் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறவள் நீ. இந்த ஒரு தடவை அந்தத் திருட்டுப் புத்தியைக் கட்டி வை.

அக்கா வந்துவிட்டாள். வந்ததும் உன் சமையலறையைத் தலைகீழாக மாற்றிவிட்டாள், அதை நீ வந்து பார்த்துக்கொள். "சின்ன ஆபரேஷன்தானேடா, இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே" என்கிறாள். கடைக்காரர் சொல்கிறார், எதிர்வீட்டு ஆசிரியர் சொல்கிறார், எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். சின்ன ஆபரேஷன், சின்ன ஆபரேஷன். என்னோடு வேலை பார்த்த நெட்டையனை உனக்கு நினைவிருக்கும். லிஃப்ட் குழிக்குள் பல்பு மாற்றும் வேலை. சின்ன வேலைதானே என்று மெயின் சுவிட்சில் சிவப்பு அட்டையை மாட்டாமல் இறங்கினான். மேலே எவனோ அவசரக்காரன் மெயினைப் போட்டுவிட்டான். நெட்டையன் இன்றைக்கும் இடது கையாலேயே சாப்பிடுகிறான். சின்ன வேலை என்று யாராவது சொன்னாலே எனக்கு அவன் கைதான் நினைவுக்கு வருகிறது.

மிளகிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று அவர் சொல்லித் தருவாராம். உனக்கு யார் சொல்லித் தருவார்கள் என்று தெரியவில்லை. காற்றில் வெளியே போகாதே. காற்றளக்கும் கருவியைப் பார்க்க வேண்டுமென்றாலும் துணைக்கு ஒரு ஆளோடு போ.

இப்படிக்கு,
தைரியமாக இருக்கச் சொல்லி உத்தரவு பெற்ற
உன் லிஃப்ட்காரன்


கடிதம் இரண்டு

அன்புள்ள தீவுக்காரிக்கு,

காற்று இங்கேயும் ஜன்னலை உலுக்குகிறது. அங்கே எப்படி என்று நினைத்தால் கை எழுத மாட்டேன் என்கிறது. நீ பத்திரமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

மயக்க டாக்டர் ஒரு அம்மாள். நம் வயதுதான் இருக்கும். கறாராகப் பேசுவார், சிரிக்க மாட்டார். எனக்குப் பிடித்துவிட்டது. சிரித்துச் சிரித்துப் பேசுகிறவர்களிடம் நான் என் ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கொடுக்க மாட்டேன். என்னைப் பார்க்காமல் மிளகைப் பார்த்துத்தான் பேசினார். "இது ராத்திரித் தூக்கம் இல்ல. மருந்துத் தூக்கம். நடுவுல முழிப்பு வராது, வலிக்காது. நான் மருந்தை நிறுத்துனா முழிப்பு வந்துரும். முழிச்சதும் தொண்டை வலிக்கும். அத நான் மறைக்க மாட்டேன்" என்றார். மிளகு வாயை இறுக மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ஊசி உண்டா என்று கையால் சைகை காட்டினாள். முதலில் முகமூடி, ஊசி தூங்கின பிறகு என்றதும் தோளைத் தளர்த்தினாள்.

பிறகு என்னிடம் கேள்விகள். சளி உண்டா, காய்ச்சல் உண்டா, வீட்டில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, ஆடுகிற பல் ஏதாவது உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று டக் டக்கென்று சொன்னேன். ஒரு லிஃப்ட் கூண்டில் எத்தனை போல்ட் இருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன் ஆயிற்றே. டாக்டர் மிளகை வாயைத் திறந்து காட்டச் சொன்னார். தொண்டை தெரிகிற அளவுக்கு மட்டும் ஒரு நொடி காட்டிவிட்டுப் பட்டென்று மூடிக்கொண்டாள். வலிக்கிறது போலிருக்கிறது என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

என் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டேன். அதைக் கேட்கத்தான் ராத்திரி முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவளை மயக்கத்தில் போட்ட பிறகு நீங்கள் எங்கே இருப்பீர்கள்? வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுவீர்களா? அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "அவ தலைமாட்டுலயே உட்கார்ந்திருப்பேன். அவ மூச்சு என் கையில இருக்கும். அவ முழிச்சு உங்களப் பார்க்கிற வரைக்கும் எனக்கு வேற வேல கிடையாது" என்றார். எங்கள் தொழிலிலும் அதுதான் சட்டம். ஆள் உள்ளே இருக்கும்வரை மேலே நிற்கிறவன் தண்ணீர் குடிக்கக்கூடப் போகக் கூடாது. அந்த நேரத்துக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. வாசலுக்கு வருவதற்குள் போய்விட்டது.

ஒரு பழைய முகமூடியைக் கொடுத்துப் பிள்ளையோடு விளையாடச் சொன்னார்கள். கூடத்தில் பாயைப் போட்டு அவள் கரடி பொம்மைக்கு ஆபரேஷன் செய்தோம். நான் என் சிவப்பு அட்டையை எடுத்து வந்தேன். 'ஆள் உள்ளே. தொடாதே.' அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, எதற்கு என்று கேட்டாள். வேலைக்கு இறங்கும் முன் இதை மாட்ட வேண்டும், யார் மாட்டினார்களோ அவர்கள் கையால்தான் கழற்ற வேண்டும், மேனேஜர் வந்தாலும் தொடக் கூடாது என்று சொன்னேன். உடனே கரடியின் கட்டிலில் மாட்டினாள். முகமூடியை வைத்தாள். பிறகு எனக்கு முகமூடி வைத்தாள். அக்காவுக்கு வைத்தாள். அக்கா கண்ணை மூடிப் படுத்தவள் உண்மையாகவே தூங்கிவிட்டாள். தனக்கு மட்டும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். வாய் அருகே கொண்டு போனாலே தலையைத் திருப்பிக்கொள்கிறாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். சில நாளாக ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள். பல் தேய்க்க என்னை விடுவதில்லை, பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறாள். சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்துகிறாள். பயம்தான் இப்படி வெளியே வருகிறது என்கிறாள் அக்கா. இருக்கலாம். எனக்கும் பசி இல்லை, என்னையும்தான் யாரும் கேட்கவில்லை.

நாளைக் காலை ஆபரேஷன். பொழுது விடியும் முன்பிருந்தே அவளுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் அது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். பால் கூடாது, பிஸ்கட் கூடாது. அலமாரியைப் பூட்டிச் சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நீ இங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? ஒன்றும் செய்திருக்க மாட்டாய், என்னைப் போலத்தான் உட்கார்ந்திருப்பாய். ஆனால் இரண்டு பேராக உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு,
உன் லிஃப்ட்காரன்


கடிதம் மூன்று

அன்புள்ளவளுக்கு,

முதல் இரண்டையும் படித்துவிட்டுத்தானே இங்கே வந்தாய்? சத்தியமாக? இல்லை, எனக்குத் தெரியும். இதைத்தான் முதலில் பிரித்திருப்பாய். பிரித்தும் பயன் இல்லை. என்ன ஆனது என்று எனக்கே தெரியாது. இதை எழுதும்போது அவள் உள்ளே இருக்கிறாள். நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். எதிரே பச்சைக் கதவு, அதில் ஒரு வட்டக் கண்ணாடி. கண்ணாடியில் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

காலையில் பெரிய சண்டை. அக்கா எழுந்து அவளுக்குப் பால் காய்ச்சிவிட்டாள். "பச்சப் புள்ளய வெறும் வயித்தோடயா கூட்டிட்டுப் போவாங்க, ரெண்டு வாய்தானே" என்று டம்ளரைக் கையிலும் கொடுத்துவிட்டாள். பாத்திரச் சத்தம் கேட்டு ஓடினேன். நல்ல வேளை, மிளகு உதட்டில்கூட வைக்கவில்லை. நான் கத்திய கத்தலில் டம்ளர் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். அலமாரியைப் பூட்டினேனே தவிர அடுப்பைப் பூட்டவில்லை பார். பிறகு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இவளுக்கும் பயம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தொளதொளவென்று ஒரு கவுன் போட்டார்கள். தள்ளுகட்டிலில் ஏறி உட்கார்ந்ததும் கையை நீட்டினாள். அட்டை வேண்டும் என்றாள். வீட்டிலிருந்தே பையில் கரடிக்குக் கீழே ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறாள். நர்ஸம்மா முடியாது என்றார். மயக்க டாக்டர் வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுங்கள் என்றார். மிளகு தன் கையாலேயே கட்டில் கம்பியில் கட்டினாள். நான் செய்வது போலவே முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

டாக்டர் கடைசியாக ஒருமுறை கேள்விகளைத் தொடங்கினார். காய்ச்சல்? இல்லை. சாப்பிட்டாளா? இல்லை. ஆடுகிற பல்? நான் இல்லை என்று வாயைத் திறப்பதற்குள் மிளகு என் சட்டையைப் பிடித்தாள். "அப்பா, அட்ட மாட்டிட்டு இறங்குறதுக்கு முன்னாடி, லூசா இருக்கிறதயெல்லாம் சொல்லிடணுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறைத்தால் என்ன ஆகும் என்றாள். உள்ளே போகிறவருக்குத்தான் அடிபடும் என்றேன். அவ்வளவுதான். உதடு கோணிக்கொண்டு வந்தது. அழுகையோடு வாயைத் திறந்து, கீழ்ப்பல் வரிசையில் நடுவில் ஒன்றை நாக்கால் தள்ளிக் காட்டினாள். கதவு மாதிரி ஆடுகிறது!

அம்மாவுக்காக வைத்திருக்கிறாளாம். படகுத் துறையில் நீ கிளம்பும்போது அவள் காதில் என்ன சொன்னாய்? "உன் முதல் பல்ல நான்தான் எடுப்பேன், அதுவரைக்கும் விழாம பாத்துக்கோ" என்றாயாமே. நீ விளையாட்டுக்குச் சொன்னாய். அவள் அதை வேலையாக எடுத்துக்கொண்டாள். ஒரு பக்கமாக மென்றதும், பிரஷ்ஷைப் பிடுங்கியதும், முகமூடியைத் தள்ளியதும் அதற்காகத்தான். வாயைத் திறந்தால் யாராவது பார்த்துப் பிடுங்கிவிடுவார்களோ என்று இத்தனை நாள் காவல் காத்திருக்கிறாள். அம்மா கோபித்துக்கொள்வாளா என்று என்னைக் கேட்டாள். மாட்டாள் என்று உன் சார்பில் நானே வாக்குக் கொடுத்துவிட்டேன். காப்பாற்று.

டாக்டர் கையுறை போட்டுத் தொட்டுப் பார்த்தார். "இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. இது மயக்கத்துல கழண்டு உள்ள போயிருந்தா..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தி என்ன? மீதியை நான் முடித்துக்கொண்டேன். இன்னும் முடித்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டு தடவை கேட்டார்கள், முதல் தடவை இல்லை என்று சொன்னவன், மறுதடவையும் அதையே சொல்ல இருந்தவன் நான். ஊரில் உள்ள லிஃப்ட் எல்லாம் என்னை நம்பி ஓடுகிறது.

தூங்கியதும் முதல் வேலையாகப் பல்லைத் தானே எடுத்து, என் கையில் தந்துவிடுவதாக டாக்டர் மிளகிடம் சொன்னார். கீழே போடக் கூடாது என்றாள் மிளகு. போடமாட்டேன் என்றார். அதற்குப் பிறகு முகமூடியைத் தானே இழுத்து வைத்துக்கொண்டாள். என் விரலைப் பிடித்திருந்தாள். கண் என்மேலேயே இருந்தது. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. பிறகு கண் திறந்தே இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. கை அப்படியே தளர்ந்து போனது. இது சரிதான், இப்படித்தான் இருக்கும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்தால் என்ன? அந்தக் கையை விட்டுவிட்டு வெளியே நடந்து வந்தவன் எப்படி நடந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீ பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இப்போது கதவு திறந்தது. துள்ளி எழுந்தேன். நர்ஸம்மா ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்துவிட்டு உடனே உள்ளே போய்விட்டார். அரிசி அளவுக்கு ஒரு பல், பஞ்சின் மேல். சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? முடியவில்லை. பல் வெளியே வந்துவிட்டது. அவள் இன்னும் உள்ளே இருக்கிறாள். என் உள்ளங்கையில் அவளுடையதாக இது மட்டும்தான் இருக்கிறது. அக்கா தள்ளி உட்கார்ந்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அட்டையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மாட்டியவள் கையால்தான் கழற்ற வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. அவளேதான் வர வேண்டும். அவளேதான் கழற்ற வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கதவு திறக்கிறது. மறுபடி வேறு யாரோ. எழுத முடியவில்லை.

*

மறுபடி பேனாவை எடுத்திருக்கிறேன். எழுத்து தெரிகிறதா?

முழித்துவிட்டாள். முதலில் ஒரே அழுகை, யாரையும் அடையாளம் தெரியவில்லை. அந்த அழுகையைக் கேட்டுக் கதவுக்கு வெளியே நானும் அழுதேன். டாக்டர் சொன்ன சொல் மாறாமல் தலைமாட்டில்தான் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும்தான் நகர்ந்தார். முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு மிளகு கண்ணைத் திறந்து கையை நீட்டினாள். பல்லைக் கேட்கிறாள் என்று டப்பாவைக் கொடுத்தேன். அதைத் தள்ளிவிட்டாள். அட்டை கட்டிய கம்பியைக் காட்டினாள். விரலில் பலமே இல்லை, முடிச்சு அவிழ வரவில்லை. நான் உதவப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். தானே இழுத்து இழுத்துக் கழற்றி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். இது நல்ல தூக்கமாம். குறட்டை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டேன். மூச்சு வந்து வந்து போகிறது, நடுவில் எங்கேயும் நிற்கவில்லை.

உன்னை நம்ப முடியாது என்பதால் ஒரு வேலை செய்தேன். மூன்று உறையின் மேலும், முகவரிக்கு மேலே, 'முழித்துவிட்டாள்' என்று பெரிதாக எழுதிவிட்டேன். தபால்காரர் படிக்கட்டும், படகுக்காரர் படிக்கட்டும். நீ எதை முதலில் எடுத்தாலும் அதுதான் கண்ணில் படும். நான் பட்ட பாடு உனக்கு வேண்டாம்.

சாயங்காலம் எழுந்ததும் அட்டையை எடுத்துப் பல் டப்பாவைச் சுற்றிக் கட்டிவிட்டாள். பேசக் கூடாது என்று சொல்லியிருப்பதால் சைகைதான். அம்மா வர வேண்டும், அம்மாவும் அவளும் சேர்ந்துதான் முடிச்சை அவிழ்ப்பார்களாம். நீ வரும்போது பல்லைப் பற்றி ஒன்றும் தெரியாதது போல வா. ஆச்சரியப்பட்டுக் கூச்சல் போடு, உனக்கு அது நன்றாக வரும்.

அந்த அட்டை இல்லாமல் நான் லிஃப்ட் குழிக்குள் இறங்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆபீசில் புதிதாக ஒன்று கேட்டால் தருவார்கள். நான் கேட்கப் போவதில்லை. காற்று அடங்கியதும் முதல் படகில் ஏறு. கம்பியை இறுகப் பிடித்து உட்கார். நல்லபடியாக வந்து, உன் கையால் அந்த முடிச்சை அவிழ்த்துக் கொடு.

உனக்காகக் காத்திருக்கும்
உன் லிஃப்ட்காரன்